மேல்மரபியலும் புற்றுநோயும்

மேல்மரபியல் என்பது, டி.என்.ஏ.யின் எழுத்து வரிசை மாறாமலேயே மரபணுக்களின் செயற்பாட்டை முறைப்படுத்தும் மாற்றங்களை ஆராயும் உயிரியல் துறை ஆகும். இச்சொல்லை 1942 இல் பிரித்தானிய உயிரியலாளர் கான்ராட் வாடிங்டன் அறிமுகப்படுத்தினார். உயிரணு பிரியும்போது இம்மாற்றங்களில் பல புதிய உயிரணுக்களுக்கும் கடத்தப்படுகின்றன.

மரபணு வெளிப்பாடு

ஒருவரின் தோல் உயிரணுவிலும் நரம்பு உயிரணுவிலும் உள்ள டி.என்.ஏ. ஏறத்தாழ ஒன்றே. எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்பதே அவற்றை வேறுபடுத்துகிறது. இதனை முறைப்படுத்தும் வழிகளுள் இரண்டு முதன்மையானவை:

1. மெத்திலேற்றம்: சைட்டோசின் என்னும் காரத்துடன் மெத்தில் தொகுதி இணைதல். மரபணுவின் தொடக்கப் பகுதியில் இது மிகுந்தால் அம்மரபணு பொதுவாக அடங்கிவிடும்.
2. இசுட்டோன் மாற்றங்கள்: டி.என்.ஏ. இழை இசுட்டோன் புரதங்களின்மேல் சுற்றப்பட்டுள்ளது. அசிட்டைல் தொகுதி சேர்ந்தால் சுற்று தளர்ந்து மரபணு வெளிப்படும். அது நீங்கினால் சுற்று இறுகும்.

புற்றுநோயில் பங்கு

புற்றுநோய் உயிரணுக்களில் மெத்தில் தொகுதிகள் குறைந்திருப்பதை 1983 இல் ஆண்ட்ரூ ஃபைன்பெர்க்கும் பெர்ட் வோகெல்சுடைனும் கண்டறிந்தனர். இக்குறைவு குரோமோசோம்களின் நிலைத்தன்மையைக் குலைக்கிறது. அதே உயிரணுக்களில் கட்டியை ஒடுக்கும் மரபணுக்களின் தொடக்கப் பகுதிகள் மிகையாக மெத்திலேற்றம் அடைவதும் உண்டு. எடுத்துக்காட்டாக, பி16 என்னும் புரதம் உயிரணுப் பிரிவுக்குத் தடையாக நிற்கிறது. அதன் மரபணு சிதையாமல் இருந்தும் அடங்கிவிட்டால், அத்தடை நீங்கி உயிரணுக்கள் கட்டின்றிப் பெருக வழி ஏற்படுகிறது.

வாய்ப்புற்றுநோய்

பி16 மரபணுவின் மிகை மெத்திலேற்றம் வாய்ப்புற்றுநோயிலும், அதற்கு முன் தோன்றக்கூடிய வெண்படலங்களிலும் கண்டறியப்பட்டுள்ளது. புகையிலையோடும், புகையிலை இன்றியும் வெற்றிலை பாக்கு மெல்லுதல் புற்றுநோயை உண்டாக்கும் என 2004 இல் வெளியான பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் தொகுதி வகைப்படுத்தியது. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் உள்ளிட்ட தென்னிந்தியச் சிற்றூர்களில் இவ்வழக்கம் இன்றும் காணப்படுகிறது. ஆறாத புண், வெண்படலம் அல்லது செம்படலம், வாய் திறப்பதில் இறுக்கம் ஆகியன மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவ்வூர்களுக்கு அருகே கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையில் மண்டலப் புற்றுநோய் மையம் இயங்குகிறது.

மருத்துவப் பயன்

சிதைந்த எழுத்து வரிசையைத் திருத்துவது கடினம். மெத்தில் தொகுதிகளை மருந்தால் குறைக்க இயலும். இவ்வகையில் அசாசிட்டிடின் (2004), டெசிட்டபின் (2006) ஆகிய மருந்துகளுக்கு எலும்பு மச்சைக் கோளாறு ஒன்றின் சிகிச்சைக்காக அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. எனினும் இவை குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் தேர்ந்து இயங்குவதில்லை. வாய்ப்புற்றுநோய்க்கு அறுவை, கதிர்வீச்சு, வேதிச்சிகிச்சை ஆகியனவே முதன்மைச் சிகிச்சைகளாக உள்ளன.