மார்கழிக் கச்சேரியும் கெங்கவல்லிக் குடும்பங்களும்

சென்னையில் ஆண்டுதோறும் மார்கழி மாதத்தில் நிகழும் சங்கீத விழாக்கள் மயிலாப்பூர்வாசிகளின் குடும்பச் சொத்து என்றும், வெளி ஜில்லாக்காரர்கள் பத்திரிகையில் விமர்சனம் படிப்பதோடு திருப்தியடைய வேண்டியவர்கள் என்றும் ஓர் எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. இதனை நாம் அடியோடு மறுக்கிறோம். சேலம் ஜில்லா கெங்கவல்லி போன்றதோர் ஊரிலிருந்து ஒரு குடும்பம் புறப்பட்டு, பட்டணத்தில் குடியேறியுள்ள சித்தப்பன்மார், மாமன்மார் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு, ஒரு சனி ஞாயிறை இவ்விழாவில் கழிக்குமாயின் அது வீண் ஆடம்பரமன்று. தன் பாட்டன் வாங்கிவைத்த நிலத்தைப் பேரன் ஒருமுறை சென்று பார்த்து வருவதற்கு ஒப்பானது.

பாட்டன் வாங்கிவைத்த நிலம் என்று நாம் சொல்வது வெறும் அலங்காரமன்று. 1927ஆம் ஆண்டு டிசம்பரில் டாக்டர் அன்சாரியின் தலைமையில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. சைமன் கமிஷனைப் பகிஷ்கரிக்கவும், பூரண சுதந்திரமே நமது குறிக்கோள் என்று பிரகடனம் செய்யவும் தீர்மானித்த சபை அது. அந்த மகாசபையை ஒட்டி அகில இந்திய சங்கீத மகாநாடு ஒன்றும் நடைபெற்றது. அம்மகாநாட்டின் தீர்மானத்தின் பேரில் 1928இல் தோன்றியதே சென்னை சங்கீத வித்வத் சபை. அதன் முதல் தலைவர் டாக்டர் யு. ராமராவ் காங்கிரஸ்காரர். அதன் வளர்ச்சிக்கு உழைத்த ஈ. கிருஷ்ணய்யர் சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்ட வழக்கறிஞர். அச்சபை டிசம்பர் மாதத்தில் நடத்தத் தொடங்கிய விழாவைச் சுற்றியே பின்னர் நூற்றுக்கணக்கான கச்சேரிகள் பெருகி, இன்று உலகின் பல பாகங்களிலிருந்தும் ரசிகர்கள் வந்து குவியும் திருவிழாவாக வளர்ந்திருக்கிறது. 2017இல் ஐக்கிய நாடுகளின் கல்வி பண்பாட்டு நிறுவனம் சென்னையைச் சங்கீதத்திற்கான படைப்பு நகரங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஆகவே இவ்விழாவின் வேர் தேசிய இயக்கத்தில் இருக்கிறது. தேசிய இயக்கமோ கிராமங்களின் தோள்மீது நின்றது. ஆத்தூர், கெங்கவல்லி, தம்மம்பட்டிப் பக்கத்து ஜனங்கள் அதில் அந்நியர் ஆவது எங்ஙனம்?

சேலம், நாமக்கல் சீமைக்குச் சங்கீதத்தில் என்ன பங்கு, அது காவேரி டெல்டாவின் சொத்தல்லவா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும். 1930இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்திற்கு உப்பெடுக்கச் சென்ற சத்தியாக்கிரகிகள் வழிநெடுகப் பாடிச் சென்ற பாட்டை எழுதியவர் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. அந்தப் படையை நடத்திச் சென்ற ராஜாஜி, 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராக இருந்தவர். அதே ராஜாஜி பிற்காலத்தில் எழுதிய பிரார்த்தனைப் பாடலை 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலக்ஷ்மி பாடினார். காங்கிரஸ் மேடைகளில் ஒலிபெருக்கியைத் தோற்கடிக்கும் கண்டத்துடன் பாடி ஜனங்களைத் தட்டியெழுப்பிய கே. பி. சுந்தராம்பாள், நாமக்கல்லுக்குத் தென்மேற்கே காவேரிக் கரையிலுள்ள கொடுமுடியைச் சேர்ந்தவர். நெல் விளையாத மேட்டு நிலம் பாட்டு விளையாத நிலமாகிவிடாது.

இனி, மனத்தில் இருந்தும் வாய்விட்டுச் சொல்லாத ஆட்சேபம் ஒன்று உண்டு. "கச்சேரி நமக்குப் புரியாது, நாலு மணி நேரம் தலையாட்டிவிட்டு வரவா இருநூறு மைல் போவது?" என்பதே அது. இந்த ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. வித்துவான்கள் பொருள் விளங்காத பாஷைப் பாட்டுகளையே திரும்பத் திரும்பப் பாடி வருவதைக் கண்டித்துச் சங்கீதத்தைப் பற்றிப் பாரதியார் எழுதிய வியாசம் இன்றும் படிக்கத் தகுந்தது. தமிழ்நாட்டில் தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் துக்கடா ஸ்தானம்தானா என்ற கேள்வி 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய மகாநாட்டிற்குப் பின் பெருங் கிளர்ச்சியாக மூண்டது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், கோயமுத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார், டி. கே. சிதம்பரநாத முதலியார், ராஜாஜி, ஆசிரியர் கல்கி ஆகியோர் ஒரு புறம் நின்றனர். சங்கீதத்திற்குப் பாஷை வரம்பு கட்டக்கூடாது என்றவர்கள் மறு புறம் நின்றனர். சென்னையில் 1943இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. நம்முடைய அபிப்பிராயத்தை ஒளிக்க வேண்டியதில்லை. தியாகராஜர் திருவையாற்றிலே இருந்துகொண்டு தம் தாய்மொழியாகிய தெலுங்கில் பாடினார். தம் உள்ளத்துக்கு நெருங்கிய மொழியில் பாடினார் என்பதே அதன் பொருள். அந்த நியாயம் தமிழனுக்கும் உண்டு. அவருடைய கீர்த்தனங்களை ஒதுக்குவது பேதைமை. தமிழ்ப் பாட்டை ஒதுக்கி வைத்தது அதைவிடப் பேதைமை.

இந்தப் பழைய வழக்கினால் கெங்கவல்லிக் குடும்பத்திற்கு இன்று ஏற்பட்டுள்ள லாபம் பெரிது. கோட்டைக்கு அருகே, எஸ்பிளனேடில், 1952 முதல் நிற்கும் ராஜா அண்ணாமலை மன்றத்தில் டிசம்பர் கடைசியில் தமிழ் இசைச் சங்கத்தின் விழா நடைபெறுகிறது. தேவாரப் பண்களைப் பற்றிப் புலவர்களும் ஓதுவார்களும் ஒருங்கே ஆராயும் கூட்டத்தையும் அச்சங்கம் 1949 முதல் நடத்தி வருகிறது. கோயிலில் ஓதுவார் பாடக் கேட்ட செவிக்கு இங்கே எதுவும் அந்நியமாகத் தோன்றாது. முதல் முறை செல்லுகிறவர்கள் இங்கிருந்து தொடங்குவது நலம். ராகத்தின் பெயர் தெரியாவிட்டால் குற்றமில்லை. பாட்டின் பொருள் தெரிந்தால் ராகம் தானே வழிக்கு வரும்.

பிரயாணம் எளிது. கெங்கவல்லிக்கு ரயில் கிடையாது. ஆத்தூருக்குச் சுமார் 15 கிலோமீட்டர் பஸ்ஸில் வரவேண்டும். சேலம்–விருத்தாசலம் பாதையில் வரும் சென்னை வண்டியில் வெள்ளியிரவு ஏறிப் படுத்தால், பொழுது விடியும் வேளையில் பட்டணம். சனிக்கிழமை முற்பகலில் கச்சேரிக்கு ஓட வேண்டாம். எழும்பூரில் உள்ள, 1851இல் தோன்றிய அரசினர் பொருட்காட்சிசாலைக்குப் போகலாம். திருவாலங்காட்டு நடராஜரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் அங்கே வெண்கல மண்டபத்தில் நிற்கிறார்கள். கெங்கவல்லிக்காரர்களுக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. பக்கத்துத் தம்மம்பட்டியில் சிற்பிகள் மரத்தில் தெய்வ உருவங்களையும் வாகனங்களையும் செதுக்குவதைப் பார்த்துப் பழகிய கண் அவர்களுடையது. விரலின் மடிப்பும் இடையின் நெளிவும் எப்படிப் பிறக்கின்றன என்று அந்தக் கண்ணுக்குத் தெரியும். பட்டணத்துப் பிள்ளைகளுக்கு அவர்களே விளக்கிச் சொல்லலாம்.

பிற்பகலில் பல சபைகளில் இளம் பாடகர்களின் கச்சேரிகள் கட்டணமின்றியே நடைபெறுகின்றன. பெரிய வித்துவானின் மாலைக் கச்சேரிக்குச் சீட்டுக் கிடைக்கவில்லையே என்று ஏங்குபவர்கள் இவற்றை அலட்சியம் செய்கிறார்கள். நாளைய பெரிய வித்துவான்கள் இன்று பாடுவது இந்தக் காலி நாற்காலிகளுக்கு முன்னால்தான். வித்வத் சபையில் காலையில் நடக்கும் விளக்கச் சொற்பொழிவுகளுக்கும் சீட்டு வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் மயிலைக் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளுக்குச் சென்றால், பஜனை கோஷ்டி பாடிக்கொண்டு வலம் வருவதைக் காணலாம். பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய பஜனை அந்த வீதிகளில் பிரசித்தி பெற்றது. மண்டபமும் வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம். குளிரில் நடந்துகொண்டே கேட்கும் தமிழ்ப் பாட்டு அது. அங்கிருந்து திருவல்லிக்கேணி வெகு தூரமில்லை. பாரதியார் வாழ்ந்த வீடு அங்கே நினைவில்லமாக இருக்கிறது. பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துச் செல்ல வேண்டும்.

உணவைப் பற்றிச் சொல்ல நாம் கூச்சப்படவில்லை. சபைகளின் சிற்றுண்டிச்சாலைகளில் நிற்கும் வரிசை சில சமயம் கச்சேரி மண்டபத்து வரிசையைவிட நீளமாயிருக்கிறது என்று பரிகாசம் செய்பவர்கள் உண்டு. பரிகசித்தவர்களையே அந்த வரிசையில் நாம் கண்டிருக்கிறோம். அடையும் அவியலும், கீரை வடையும், அசோகா அல்வாவும், இலை போட்டுப் பரிமாறும் பகற்சாப்பாடும், பில்டர் காபியும் அங்கே கிடைக்கும். பல சபைகளில் கச்சேரிச் சீட்டு இல்லாதவரும் உள்ளே சென்று சாப்பிடலாம். கூட்டம் சேருமுன் போய்விடுவது நல்லது.

இதை நாம் ருசிக்காக மட்டும் சொல்லவில்லை. ஊரிலிருந்து எட்டுப்பேர் வந்து இறங்கினால் பட்டணத்து வீட்டில் நடப்பது என்ன? ஆண்களும் குழந்தைகளும் கச்சேரிக்குக் கிளம்புவார்கள். சித்தியும் அத்தையும் அடுப்படியில் நின்று எட்டுப்பேருக்கு இட்டிலி ஊற்றுவார்கள். இரவு திரும்பி வந்து, "பாட்டு பிரமாதம்" என்று அவர்களிடம் சொல்லிச் சாப்பிட உட்காருவார்கள். பத்து வருஷமாய் மயிலாப்பூரிலே குடியிருந்தும் ஒரு கச்சேரி கேளாத பெண்மணிகள் இருக்கிறார்கள். காரணம், மார்கழி தோறும் வரும் விருந்தாளிகள். எம். எஸ். சுப்புலக்ஷ்மி 1968இலும் டி. கே. பட்டம்மாள் 1970இலும் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற மேடை அது. பெண்கள் பாடுவதைக் கேட்க ஆண்கள் மட்டும் போவதும், பெண்கள் வீட்டிலிருந்து சமைப்பதும் எந்த நியாயத்தைச் சேர்ந்தது? இந்த இரண்டு நாட்களும் அடுப்பு அணைந்திருக்கட்டும். அம்மாயிக்கும் அப்பாயிக்கும் முன் நாற்காலி கொடுங்கள். வீட்டுக்காரப் பெண்மணி கேட்க விரும்பும் கச்சேரி எதுவென்று முதலில் அவரிடமே கேட்டுவிட்டுப் பிறகு மற்றத் திட்டம் போடுங்கள்.

சபையாரிடமும் நமக்குச் சில வார்த்தைகள் உண்டு. பின்னால் ஜனங்கள் நிற்கையில் முன்வரிசைகள் பெயர் ஒட்டிக் காலியாகக் கிடப்பதைப் பல இடங்களில் பார்க்கிறோம். பாடப்போகும் பாட்டுகளின் பட்டியலையும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரித் தமிழ்ப் பொருளையும் அச்சிட்டுக் கொடுக்க என்ன செலவாகிவிடும்? இச்சங்கீதம் ஒரு சில ஜாதிகளுக்கும் ஒரு சில தெருக்களுக்கும் உரியதாகக் குறுகிவிட்டது என்ற குற்றச்சாட்டைக் கோபித்துக்கொண்டு தள்ளிவிட முடியாது. 2015இல் பெசன்ட் நகர்க் கடற்கரையோரம் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் வாழும் தெருவிலேயே சில அன்பர்கள் விழா எடுத்தார்கள்; சபை வித்துவான்கள் அங்கே போய்ப் பாடினார்கள். அதற்கு முன் 2007இல் தொடங்கிய சென்னை சங்கமத்தில் பறையும் கரகமும் தெருக்கூத்தும் பட்டணத்துப் பூங்காக்களுக்கு வந்தன. இடையில் நின்று, 2023இல் மீண்டும் பொங்கலை ஒட்டி அவ்விழா நடந்தது. தெருக்கூத்து நம் சேலம் சீமையில் விடிய விடிய நடக்கும் கலை. ஊரில் அதைத் திண்ணையிலிருந்து பாராமல் கதவைச் சாத்திக்கொள்ளும் நம்மவர் சிலர், பட்டணத்துப் பூங்காவில் அதையே கைதட்டி ரசிப்பதைக் கண்டு சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

போக உத்தேசித்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பள்ளிக்கூடங்களின் அரையாண்டு விடுமுறையும் தமிழ் இசைச் சங்க விழாவும் டிசம்பர் கடைசி வாரத்தில் ஒன்றுசேர வருவதால் அவ்வாரத்துச் சனி ஞாயிறே உகந்தது. ரயில்வேயார் 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் பிரயாணச் சீட்டுப் பதிவு செய்துகொள்கிறார்கள். ஆகையால் அக்டோபர் கடைசி வாரத்திலேயே, போகவும் வரவும் சேர்த்துப் படுக்கை பதிவு செய்துவிட வேண்டும்; ஞாயிறு இரவு திரும்பும் வண்டியில்தான் இடம் முதலில் தீர்ந்துபோகிறது.