உலகப் பந்தி – 17: மோலேவுக்கு முதிர்ந்த ரியோஹா

மெக்சிகோவின் புவெப்லா நகரத்து மோலே என்ற குழம்பைச் சென்ற வாரம் பார்த்தோம். அதோடு என்ன குடிப்பது என்பது இந்த வாரக் கேள்வி.

காரமான சாப்பாட்டுக்குச் சிவப்பு ஒயின் ஆகாது என்பார்கள். இளம் ஒயினைப் பொறுத்தவரை அது உண்மைதான். மிளகாயில் உள்ள கேப்சைசின், நாக்கில் சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. ஆல்கஹாலும் அதே முனைகளைத்தான் சீண்டும். போதாக்குறைக்குச் சிவப்பு ஒயினில் உள்ள டானினின் துவர்ப்பு வேறு. எரிச்சல் ஏறி, வாய் வறண்டுபோகும்.

ஆனாலும் மோலேவுக்கு ஒரு சிவப்பு ஒயின் பொருந்தும். ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்து கிரான் ரெசெர்வா அது.

மோலேயின் காரம் அடங்கிய காரம். ஆஞ்சோ, முலாட்டோ, பசீயா என்ற காய்ந்த மிளகாய்கள்தான் அதன் உயிர். பொப்லானோ மிளகாய் பழுத்துச் சிவந்து காய்ந்தால் ஆஞ்சோ. அதைக் கிள்ளி முகர்ந்தால் உலர்திராட்சை வாசம் வரும். வறுத்த மிளகாயோடு எள், பாதாம், உலர்திராட்சை, கிராம்பு, பட்டை எல்லாம் அரைபட்டு, சாக்லேட்டும் சேர்ந்து, வத்தக்குழம்புப் பதத்துக்குக் கொதித்து இறுகும். மெக்சிகோ சமையலில் விரும்பிப் போடும் மெல்லிய பட்டை, இலங்கையிலிருந்து போவது.

ரியோஹா, வட ஸ்பெயினில் எப்ரோ ஆற்றை ஒட்டிய நிலம். அங்கே டெம்ப்ரானியோதான் முதன்மைத் திராட்சை. பாட்டிலில் ‘கிரான் ரெசெர்வா’ என்று அச்சிட வேண்டுமானால், சிவப்பு ஒயின் குறைந்தது 60 மாதம் முதிர வேண்டும். அதில் 2 ஆண்டாவது ஓக் பீப்பாயில், 2 ஆண்டாவது பாட்டிலில். 1877இல் ஆரோ ஊரில் தொடங்கிய லோபெஸ் தே எரேதியா போன்ற பழைய நிறுவனங்கள், சட்டம் கேட்பதைவிடப் பல ஆண்டு கூடுதலாகவே வைத்திருக்கின்றன.

அந்தக் காத்திருப்பில் டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகின்றன. ஒரு பகுதி வண்டலாக அடியில் தங்குகிறது. துவர்ப்பு தணிகிறது. கண்ணாடிக் குவளையைச் சாய்த்துப் பார்த்தால் ஒயினின் விளிம்பு செங்கல் நிறத்தில் தெரியும். புதுப்பழ வாசம் போய், காய்ந்த அத்தி, தோல், புகையிலை வாசம் வந்திருக்கும். அமெரிக்க ஓக் பீப்பாய் வெனிலா மணத்தைத் தந்திருக்கும். இவை ஆஞ்சோவுக்கும் சாக்லேட்டுக்கும் பட்டைக்கும் நெருங்கிய உறவு. அதனால்தான் ஒன்று மற்றொன்றை அமுக்காமல் சேர்ந்து நிற்கிறது.

ஒயினை 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் பரிமாறுங்கள். அதற்குமேல் சூடானால் ஆல்கஹால் தூக்கலாகி, காரத்தைக் கூட்டும். வண்டல் கலங்காமல் மெதுவாக ஊற்றுங்கள். மோலேயில் கூடுதல் மிளகாயைத் தூவாதீர்கள். கடுங்காரமான ஹபனேரோ மிளகாய்ச் சல்சா மேசையில் இருந்தால் இந்தப் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். அதற்குக் குளிர்ந்த பீர் போதும். அத்தனை ஆண்டு காத்திருந்து முதிர்ந்த ஒயினை, நாக்கு மரத்துப்போன பிறகு குடிப்பது வீண்.

(தொடரும்)