பேசும் பொறிகள் – 6: ஒன்பது கிலோபைட் வாய்

சென்ற வாரம் கெம்பெலென் செய்த பேசும் பொறியோடு நிறுத்தியிருந்தோம். துருத்திதான் நுரையீரல், சீவாளி போன்ற ஒரு நாக்குதான் குரல்வளை, ரப்பர்க் குவளைதான் வாய். 1791-இல் அவர் அதை விவரித்துப் புத்தகமே எழுதினார். இந்த வாரம் ரப்பரும் இல்லை, துருத்தியும் இல்லை. வாய் முழுக்கக் கணக்கு.

1982-இல் அமெரிக்காவில் ‘டோன்ட் ஆஸ்க்’ என்ற சின்ன நிறுவனம் ஒரு மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ‘சாஃப்ட்வேர் ஆட்டோமேட்டிக் மௌத்’ என்று பெயர், சுருக்கமாக சாம். எழுதியவர் மார்க் பார்ட்டன். அதற்கு முன்பும் பேசும் பொருள்கள் இருந்தன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1978-இல் வெளியிட்ட ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ பொம்மை பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் சொல்லிக்கொடுத்தது. ஆனால் அதற்குள் பேச்சுக்கென்றே செய்த சில்லு இருந்தது. சாம் அப்படியல்ல. அந்தக் காலத்து வீட்டுக் கணினிகளான அட்டாரியிலும் கொமடோர் 64-இலும் எதையும் புதிதாகச் செருக வேண்டாம். வட்டைப் போட்டால் பேசும். பேச்சுக்கான நிரல் சுமார் 9 கிலோபைட். காலையில் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிற ஒரு வணக்கப் படம் இதைவிடப் பல மடங்கு பெரியது.

போன வாரம் இரவில் மலாக்கா மாநிலத்து மஸ்ஜித் தானாவில் என் வீட்டு மேசையில், பழைய அட்டாரியைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு நிரலை மடிக்கணினியில் ஓடவிட்டு, அதில் சாமை ஏற்றினேன். தட்டி முடித்ததும் திரை சட்டென்று கறுத்துவிட்டது. பழுது இல்லை. அந்தக் காலத்து அட்டாரியில் படம் வரைவதும் கணக்குப் போடுவதும் ஒரே நினைவகத்துக்குப் போட்டி போடும். பேசுகிற நேரம் பிசகாமல் இருக்க, சாம் திரையையே அணைத்துவிடுகிறது. இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

“யாருய்யா அது, மூக்கடைச்சவன் மாதிரி?” என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டார்.

“கம்ப்யூட்டர்மா. வணக்கம் சொல்லுது.”

“வணக்கமா? நான் வேற என்னமோன்னு நெனச்சேன்.”

அம்மா சொன்னது நியாயம்தான். ஏன் அப்படி என்று புரிய, சாம் எப்படிப் பேசுகிறது என்று பார்க்க வேண்டும். நாம் பேசும்போது குரல்வளை ஒரு ரீங்காரத்தை எழுப்புகிறது. நாக்கும் உதடும் அண்ணமும் அமைகிற விதத்தில் வாய்க்குள் சில அலைவரிசைகள் ஓங்கும், சில அமுங்கும். ‘ஈ’ சொல்லும்போது சுமார் 300 ஹெர்ட்சிலும் 2,300 ஹெர்ட்சிலும் ஓங்கும். ‘ஆ’ சொன்னால் அந்த இரண்டும் 700-க்கும் 1,100-க்கும் அருகே நெருங்கிவிடும். சாம் இப்படி மூன்று ஓங்கல்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மூன்று அலைகளைக் கணக்கிட்டுக் கூட்டி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. யாரும் பேசிய சொல் எதுவும் அதில் பதிவாகவில்லை.

சாமுக்குத் தெரிந்த ஒலிகள் ஆங்கிலத்துக்காக அளந்து வெட்டியவை. ‘ண’ கிடையாது. ‘ள’ கிடையாது. ‘க்க’வின் அழுத்தம் என்ன செய்தும் வரவில்லை. அம்மாவுக்கு வணக்கம் விளங்காமல் போனது அதனால்தான். ஆனால் ‘தமிழ்’ என்ற சொல்லை முயன்றபோது நடந்ததுதான் என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை. ஆங்கிலத்தில் ழகரத்துக்கு ‘ஸெட்’, ‘எச்’ இரண்டையும் சேர்த்து எழுதுகிறோமே, அதையே கொடுத்தேன். ‘தமிஜ்’ என்பது போல ஏதோ வந்தது. பிறகு அதை எடுத்துவிட்டு வெறும் ‘ஆர்’ எழுத்தைப் போட்டேன். கிட்டத்தட்ட ‘தமிழ்’! அமெரிக்கர்களின் ரகரம் நம்முடைய ரகரம்போல் நாவை அடித்துத் துள்ளுவதில்லை. நாக்கு எதையும் தொடாமல் மேலே வளைகிறது. மூன்றாவது ஓங்கல் கீழே இறங்குகிறது. நம் ழகரத்திலும் அதேதான்.

தொல்காப்பியர் பிறப்பியலில் ரகரத்தையும் ழகரத்தையும் ஒரே நூற்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார்: நுனிநாக்கு மேலெழுந்து அண்ணத்தை வருடப் பிறப்பவை என்று. லகர ளகரத்துக்கு வேறு நூற்பா. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எட்டு உறுப்புகளையும் எண்ணி வைத்துவிட்டுத்தான் அவர் எழுத்துகளின் பிறப்பைப் பேசத் தொடங்குகிறார். பேசும் பொறி செய்கிறவருக்கு வேண்டியதும் இந்தக் கணக்குதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாமோடு ‘ரிசைட்டர்’ என்று ஒரு துணை நிரல் வந்தது. ஆங்கில எழுத்தைப் படித்து ஒலியாக மாற்றுவது அதன் வேலை. அதற்குச் சுமார் 450 விதிகள் வைத்திருந்தார்கள். எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்றாக இருக்கும் மொழிக்கு அத்தனை விதி வைத்தும் தப்பாகப் படிக்கும். தமிழுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. ககரம் சொல்லின் முதலில் வந்தால் ஒரு மாதிரி, இரட்டித்தால் அதே வல்லோசை, ‘ங்’குக்குப் பின் மெலிந்து, உயிர்களுக்கு நடுவே இன்னும் இளகி ஒலிக்கும். மற்ற வல்லினங்களும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகின்றன. எழுத்துத் தமிழுக்கு மிகச் சில விதிகளே போதும். 1982-இல் யாராவது உட்கார்ந்திருந்தால், 64 கிலோபைட் நினைவகத்துக்குள் தமிழ் பேசியிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். மொழி ஆயத்தமாக இருந்தது. செய்ய ஆள்தான் இல்லை.

நமக்கு அருகிலேயே சிலர் வேறு திசையில் முயன்றார்கள். சிங்கப்பூரில் சிம் வோங் ஹூவின் ‘கிரியேட்டிவ்’ நிறுவனம் 1986-இல் சீன மொழிக்கென்று ஒரு கணினியைக் கொண்டுவந்தது. பேச்சும் இசையும் எழுப்பும் அட்டை அதற்குள்ளேயே இருந்தது. அந்த வழியில்தான் பின்னால் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ பிறந்தது. அதோடு வந்த ‘டாக்டர் ஸ்பைட்சோ’ என்ற பேசும் மருத்துவர் நிரலை 1990-களில் கணினி தொட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் ‘முரசு’வைத் தொடங்கித் தமிழ் எழுத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார். எழுத்து வந்தது. குரல் வரக் காத்திருக்க வேண்டியிருந்தது.

அது வந்ததும் ஒரு வீட்டுக் கணினி வழியாகத்தான். 1995-இல் ஜோனதன் டடிங்டன் என்பவர் பிரிட்டனின் ஏக்கான் கணினிக்கு ‘ஸ்பீக்’ என்று ஒரு சின்ன நிரல் எழுதினார். அதுவே வளர்ந்து 2006-இல் ‘ஈஸ்பீக்’ ஆகியது. சாமைப் போலவே ஓங்கல்களைக் கணக்கிட்டுப் பேசுவதுதான் அதன் முறை. பல மொழிகளைச் சேர்த்தும் சில மெகாபைட் அளவுதான். அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. அதே ஆண்டு, பார்வையற்றவரான மைக்கேல் கரன் ஆஸ்திரேலியாவில் ‘என்விடிஏ’ என்ற இலவசத் திரைவாசிப்பானைத் தொடங்கினார். அதற்குள் ஈஸ்பீக்கின் குரல் இருக்கிறது. பார்வையற்ற தமிழர் ஒருவர் காசு கொடுக்காமல், இணையம் இல்லாமல், ஒரு தமிழ்ப் பக்கத்தைக் கேட்க முடிகிறதென்றால் அதில் இந்த வறட்டுக் குரலுக்கும் பங்கு உண்டு. கேட்க இனிமை இல்லை என்பவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இன்று மைக்ரோசாஃப்டின் பேச்சுச் சேவையில் மலேசியத் தமிழுக்கென்றே கனி, சூர்யா என இரண்டு குரல்கள் இருக்கின்றன. மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் இந்தப் புதிய குரல்கள் கணக்கில் பிறந்தவை அல்ல; மனிதர்கள் பேசிய பதிவுகளிலிருந்து கற்றுக்கொண்டவை. யார் பேசிப் பதிந்தார்களோ அவர்களுடைய தமிழைத்தான் பொறி பேசும். ரப்பர்த் தோட்டத்தில் காலை ஆள்கணக்கான பிரட்டுக்குப் போனது, கித்தா மரம் வெட்டியது, லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசியது எல்லாம் எந்தப் பதிவில் இருக்கின்றன?

பதியாமல் போனால் என்ன ஆகும்? மலாக்கா நகரில் செட்டிகள் இருக்கிறார்கள். சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்களின் வழியினர். 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. வீட்டில் பேசுவது மலாய். அவர்களுடைய முன்னோர் பேசிய தமிழ் எப்படி ஒலித்தது என்று இனி யாரும் கேட்க முடியாது. பதிந்து வைக்க அன்று வழியில்லை. நமக்கு வழியிருக்கிறது.

மொஸில்லாவின் ‘காமன் வாய்ஸ்’ திட்டத்தில் தமிழுக்கும் இடம் இருக்கிறது. கைப்பேசி போதும். ஒரு வாக்கியம் திரையில் வரும், வாசித்தால் பதிவாகும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதில் நம் வட்டாரக் குரல் சேரட்டும். தோட்டத்துப் பேச்சை அதில் வாசிக்க வழியில்லாவிட்டாலும், அம்மாவையோ பாட்டியையோ பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் பால் வெட்டப்போன கதையைக் கேட்டு, கைப்பேசியிலேயே பதிந்து வையுங்கள். நான் இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் தொடங்குகிறேன். நீங்களும் தொடங்குங்கள்.