தோழமைக் கைப்பந்துப் போட்டி

கைப்பந்தாட்டத்தை 1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வகுத்தவர் வில்லியம் மார்கன். 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உள்ள ஆடுகளம், ஒரு வலை, ஒரு பந்து ஆகியன போதும். எளிய இளைஞர் மன்றங்களும் இதனை ஆடலாம்.

இவ்வாட்டத்தில் எவரும் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளலாகாது. வலையருகே தடுப்பது நீங்கலாக, மூன்று தொடுதலுக்குள் அது எதிர்ப்புறம் சென்றாக வேண்டும். பந்து போடும் உரிமையை எதிரணியிடமிருந்து பெறும்போதெல்லாம் அறுவரும் வலஞ்சுழியாக இடம் மாறுவர். ஆதலின் ஒருவரே முன்னின்று ஆட்டம் முழுவதையும் நடத்திவிட இயலாது.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ் இளைஞர், அண்டை மன்றத்தாரைப் போட்டிக்கு அழைக்குங்கால், தோற்றோர் உடனே விலகும் முறையைக் காட்டிலும், ஒவ்வோர் அணியும் மற்ற அணிகள் அனைத்தோடும் ஆடும் முறையே சிறந்தது. நான்கு அணிகளாயின் 6 ஆட்டங்கள். தொலைவிலிருந்து வந்தோர் ஒரே ஆட்டத்துடன் திரும்ப நேராது.

இறுதியில், மன்ற வேறுபாடின்றி அணிகளைக் கலந்தும் ஓர் ஆட்டம் நடத்தலாம். இருவருக்கிடையே பந்து விழ வரும்போது, அதனைத் தாம் எடுப்பதாக ஒருவர் குரல் கொடுத்தல் வேண்டும். இல்லையேல் இருவரும் மோதிக்கொள்வர், அல்லது இருவருமே விட்டுவிடுவர். அதற்குரிய சொல் தமிழாயினும், இந்தியாயினும், வங்காளமாயினும், ஆடுமுன் அறுவரும் அதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது. அண்டை வீட்டார் மொழியில் நம் இளைஞர் கற்கும் முதற்சொல் இவ்வாறு திடலிலேயே கிடைத்துவிடக்கூடும்.