பன்றித் தெய்வமும் அரிக்கொம்பனும்

சென்ற விடுமுறையில் குழந்தைகளுடன் ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் படம் பார்த்தோம். ஹயாவோ மியாசாகி 1997-இல் எடுத்த 'இளவரசி மோனோனோகே'. குழந்தைகளுக்கு அது மாயக்கதை. இடுக்கி எல்லையில் பிறந்த எனக்கோ ஊர்க்கதை.

உடலில் பாய்ந்த இரும்புக் குண்டின் வேதனையில் வெறிகொண்டு, காட்டின் பன்றித் தெய்வம் ஊருக்குள் பாய்கிறது. பாலக்காடு தோணியில் 2023 ஜனவரியில் பிடிபட்ட பி.டி.7 யானையின் உடலிலும் துப்பாக்கிச் சன்னங்கள் இருந்தன! அரிசிக்காக வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்த அரிக்கொம்பனை அதே ஆண்டு ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதம் அது கம்பம் தெருக்களில் ஓடியதை மறக்க முடியுமா?

ஆனால் படத்தில், காட்டை வெட்டி இரும்பு உருக்கும் தலைவி எபோஷி கொடியவள் அல்லள். தொழுநோயாளிகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் வாழ்வளிப்பவள். சின்னக்கானல் 301 காலனியும் நிலமற்ற ஆதிவாசிகளுக்கு அரசு கொடுத்த இடந்தான்; யானை நடமாடும் இடமும் அதுவே.

"யார் பக்கம் நியாயம், அப்பா?" என்றாள் மகள். ஆனைக்குப் பயந்து இரவெல்லாம் விழித்திருக்கும் உறவினர்களை நினைத்துக்கொண்டேன். படமும் தீர்ப்புச் சொல்லவில்லை. காட்டுப்பெண் காட்டிலும் அவளை நேசித்தவன் ஊரிலும் தங்குகிறார்கள். வந்து பார்ப்பதாக அவன் வாக்குத் தருகிறான்.

ரத்தம் அதிகம், சின்னஞ்சிறுசுகளுக்கு வேண்டாம். வளர்ந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.