கோரை முடியும் சுருளும்!

பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண் பிள்ளையின் இரட்டைச் சடையை அவிழ்த்தால் முடி நெளி நெளியாக நிற்கும். தாய்மார்கள் எல்லோரும் பார்த்ததுதான். காலையில் ஈரம் காயாமல் பின்னி அனுப்பிய தலை என்றால் நெளிவு இன்னும் அழுத்தமாக இருக்கும். கோரை முடியைச் சுருட்டையாக்கும் வழி இதற்குள்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, எங்கள் குள்ளஞ்சாவடிப் பெண்கள்கூட நெய்வேலிக்கும் கடலூருக்கும் பஸ் ஏறி பார்லருக்குப் போகிறார்கள்.

என் அக்காவின் மூத்த மகளும் அப்படித்தான் போனாள். நிச்சயதார்த்தத்துக்கு வந்த ஓர் அம்மாள், "பொண்ணு லட்சணம்தான், முடிதான் கோரையா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தை அவளைப் போட்டு அரித்தது. ஒரு பார்லரில் மருந்து தடவிச் சுருட்டிக்கொண்டு வந்தாள். நாலாவது வாரம் முடி துடைப்பம் மாதிரி வெடித்து, வாரும்போதெல்லாம் பாதியில் ஒடிந்து விழுந்தது. கல்யாணத்தன்று சவுரி வைத்துத்தான் சடை பின்னினோம். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். அவளுக்குப் பழைய முடி வர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

சென்ற தை மாதம் இளையவளுக்குக் கல்யாணம். "சித்தி, ரிசப்ஷனுக்கு மட்டுமாவது முடியைச் சுருட்டையா விட்டுக்கணும். அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாள். அக்காவோ பேச்சை எடுத்ததுமே அழுதுவிட்டாள். "பார்லரும் வேணாம், மருந்தும் வேணாம். என்கிட்ட விடுக்கா" என்று நான் பொறுப்பேற்றுக்கொண்டேன்.

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீர் பட்டால் விட்டுவிடும். காயும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில் மறுபடி பிடித்துக்கொள்ளும். கசங்கிய வேட்டி கசங்கியபடியே கொடியில் காய்ந்துவிடுகிறதே, அது போலத்தான். பார்லர் மருந்து இதற்கும் உள்ளே போய்க் கந்தகப் பிணைப்பையே உடைத்து மாற்றுகிறது. அதனால்தான் மாதக்கணக்கில் நிற்கிறது. அளவு தப்பினால் முடியும் போகிறது. இந்த நிரந்தரச் சுருளை முதலில் கொண்டுவந்தவர் கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மானியர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சூடான பித்தளைக் கம்பிகளை வைத்து மனைவியின் தலையில்தான் சோதித்துப் பார்த்தாராம். முதலில் அந்த அம்மாளின் முடி கருகிப் போனதாம். பாவம்!

நான் செய்தது இதுதான். சீயக்காய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, எண்ணெய் தொடாமல், முக்கால் பங்கு காயவிட்டேன். சொட்டச் சொட்ட ஈரத்தில் சுருட்டினால் நடுவில் காயவே காயாது. பழைய வேட்டியை இரண்டு விரல் அகலத்தில் ஒரு முழ நீளத் துண்டுகளாகக் கிழித்துக்கொண்டேன். தலையைப் பன்னிரண்டு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நுனியையும் துணியின் நடுவில் வைத்து மேல்நோக்கிச் சுருட்டி, துணியின் இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டேன். சின்னச் சுருள் வேண்டுமென்றால் பாகத்தைக் கூட்ட வேண்டும். இழுத்துக் கட்டக் கூடாது; தினம் இறுக்கிப் பின்னும் பிள்ளைகளுக்கு நெற்றியோர முடி ஏறிப் போவதைப் பார்த்திருப்பீர்கள்.

இரண்டு வாரம் முன்பே ஒத்திகை பார்த்தோம். அவள் அவசரப்பட்டு விடிகாலையிலேயே அவிழ்த்துவிட்டாள். காய்ந்தவை நின்றன, உள்ளே ஈரமிருந்தவை அரை மணியில் தொங்கிவிட்டன. முழுக்கக் காய்வதில்தான் எல்லாமே இருக்கிறது. வழுக்கும் முடிக்கு நாட்டு மருந்துக் கடையில் ஆளிவிதை வாங்கி, இரண்டு ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் வெள்ளைக்கரு மாதிரி வரும்வரை கொதிக்கவிட்டு, சூட்டோடு வடிகட்டிக்கொள்ளுங்கள். சுருட்டும்முன் லேசாகத் தடவினால் பிடிப்பு வரும். அவிழ்த்த பிறகு சீப்பே கூடாது, விரலால் கோதினால் போதும். ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பிடித்ததை ஈரமே அவிழ்த்துவிடும்.

ரிசப்ஷன் அன்று காலையில் கட்டி மாலையில் அவிழ்த்தோம். இரவு பத்து மணிவரை நின்றது. கழுத்தோரம் வியர்வை பட்ட இடத்தில்தான் கொஞ்சம் இறங்கியது. மறுநாள் முகூர்த்தத்துக்குத் தலைக்கு ஊற்றியதும் பழைய கோரை முடியே வந்துவிட்டது, சடை பின்ன வசதியாக.

— ஒரு வாசகி, குள்ளஞ்சாவடி