எச்.ஐ.வி உள்ளவரின் நோவைத் தணித்தல்: வீட்டார் அறிய வேண்டியவை

வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுபவர் எவரும் தாள் வாடும்வரை காத்திருப்பதில்லை. புத்தூர்ச் செம்மண் விரைவில் காய்ந்துவிடும் என்பதை அறிந்து, முறை வந்ததும் இறைக்கிறோம். நோவுக்கு மருந்து கொடுப்பதும் இப்படித்தான். ஆனால் எமது வீடுகளில், நோயாளி துடிக்கத் தொடங்கிய பின்புதான் குளிசையைத் தேடுகிறோம்.

எச்.ஐ.வி உள்ளவரின் வீட்டில் இத்தாமதம் இன்னும் அதிகம். நோவு என்று சொன்னால் நோயின் பெயரும் வெளிவரும் என்ற பயமே காரணம். அடுத்த கொட்டிலுக்கு முனகல் கேட்கும் முகாம் வாழ்வில், வாயைப் பொத்திக்கொண்டு இரவைக் கழிப்பவர்கள் உள்ளனர். பாவத்துக்குக் கிடைத்த தண்டனை, தாங்கத்தான் வேண்டும் என்று எண்ணுவோரும் உள்ளனர். நோவு தண்டனையல்ல. அது தணிக்கக்கூடிய ஒரு வருத்தம்.

இலங்கையர் ஒருவரிடம் எச்.ஐ.வி முதன்முதலாக 1987இல் கண்டறியப்பட்டது. வைரசைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் 2004 முதல் அரசாங்க சிகிச்சை நிலையங்களில் இலவசமாகக் கொடுக்கப்படுகின்றன. ஒழுங்காக எடுப்பவர் நீண்டகாலம் வாழலாம், தோட்டம் செய்யலாம். எனினும் அவர்களுக்கும் நோவு வருவதுண்டு.

நோவு எங்கிருந்து வருகிறது?

இந்த வைரஸ் நரம்புகளைப் பாதிக்கலாம். அப்போது உள்ளங்கால் எரியும், விறைக்கும், ஊசி குத்துவதுபோல் இருக்கும். முன்னர் கொடுக்கப்பட்ட ஸ்ராவுடின் என்ற மருந்தும் இவ்வாறு செய்தது. அதைப் படிப்படியாகக் கைவிடும்படி உலக சுகாதார ஸ்தாபனம் 2009இல் கூறியது. உடலின் எதிர்ப்புச் சக்தி குறையும்போது வாயிலும் தொண்டையிலும் வெண்படலம் படர்ந்து விழுங்க நோகும். அக்கி போட்டால் கொப்புளம் ஆறிய பின்னும் எரிவு நிற்கலாம். காசநோயும் நெஞ்சுநோவைத் தரலாம். ஆகவே முதலில் காரணத்தை வைத்தியர் கண்டு அதற்கு மருந்து செய்ய வேண்டும். அதுவரை நோவைத் தணிக்காமல் விடவும் கூடாது.

நோவை எப்படி அளப்பது?

கைவிரல்களே போதும். மூடிய கை என்றால் நோவில்லை. ஒரு விரல் என்றால் சிறிது. ஐந்து விரலும் என்றால் தாங்க முடியாத நோவு. காலை, மாலை, இரவு நோயாளியிடம் கேட்டு, ஒரு கொப்பியில் விரல் கணக்கையும், நோகும் இடத்தையும், மருந்து கொடுத்த நேரத்தையும் எழுதி வையுங்கள். கிளினிக்கில் "நோகுது டொக்டர்" என்று மட்டும் சொல்வதைவிட இக்கொப்பியைக் காட்டுவது மிகவும் உதவும்.

மருந்து கொடுக்கும் முறை

உலக சுகாதார ஸ்தாபனம் 1986இல் புற்றுநோய் நோவுக்காக மூன்று படிகளை வகுத்தது. எச்.ஐ.வி நோவுக்கும் அதையே பின்பற்றலாயினர்.

முதற்படி பனடோல். வளர்ந்தவருக்கு ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஒரு நாளில் எட்டுக் குளிசைக்கு மேல் ஒருபோதும் கொடுக்கக் கூடாது. மிகவும் மெலிந்தவர், ஈரல் நோயுள்ளவர், மது அருந்துபவர் ஆகியோருக்கு இதிலும் குறைவான அளவே பொருந்தும், வைத்தியரைக் கேளுங்கள். கடையில் வேறு நோக்குளிசைகளை வாங்கிக் கொடுக்காதீர்கள். அவற்றுட் பல வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். எச்.ஐ.வி மருந்து சிலவற்றோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து கூடும்.

பனடோலுக்கு அடங்காவிட்டால் வைத்தியர் அடுத்த படிகளுக்குச் செல்வார். கால் எரிவுக்கு இரவில் அமிட்ரிப்டிலின் என்ற குளிசையைச் சிறு அளவில் கொடுப்பதுண்டு. அது நோவைத் தணிக்கச் சில நாட்கள் எடுக்கும். ஒரு நாளில் பலனில்லை என்று நிறுத்தாதீர்கள்.

மூன்றாம் படியில் மோர்பின் உண்டு. "மோர்பின் என்றால் ஆள் முடிந்தது" என்று பலர் பயப்படுகின்றனர். அது சாவின் மருந்தல்ல. கடும் நோவின் மருந்து. உகண்டாவில் 1993இல் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனம் வாயால் குடிக்கும் மோர்பினை வீடுகளுக்கே கொண்டு சென்றது. 2004 முதல் அங்கு சிறப்புப் பயிற்சி பெற்ற தாதியரும் அதை எழுதிக் கொடுக்கலாம். மோர்பின் எடுப்பவருக்கு மலச்சிக்கல் வரும். மலமிளக்கியையும் கேட்டு வாங்குங்கள். தாமாக அளவைக் கூட்டவோ திடீரென நிறுத்தவோ கூடாது. பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

எப்படியைச் சேர்ந்த மருந்தாயினும் மணி பார்த்துக் கொடுப்பதே முக்கியம்.

தாமதிக்கக் கூடாதவை

கடும் தலையிடியுடன் காய்ச்சல், பிடரி விறைப்பு, வலிப்பு, தடுமாற்றம், புதிதாக ஒரு கை அல்லது கால் வழங்காமை, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். நோமருந்து கொடுத்துப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

பராமரிப்பவருக்கு

தொடுவதாலும், ஒரே கோப்பையில் உண்பதாலும், பக்கத்திற் படுப்பதாலும் எச்.ஐ.வி தொற்றாது. ஆகவே பயமின்றிக் கால் தடவுங்கள். முதுகுக்குத் தலையணை வையுங்கள். பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். விறைத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போது சூட்டை உங்கள் கையிற் பாருங்கள். அவருக்குச் சூடு தெரியாமற் போகலாம். இரத்தமோ புண்நீரோ படும் வேலைக்குக் கையுறை அணியுங்கள். பெரும்பாலும் இச்சுமை தாயின் அல்லது மனைவியின் தலையிலேயே விழுகிறது. அவருக்கும் ஓர் இரவாவது நித்திரை வேண்டும். வீட்டார் முறை வைத்துப் பாருங்கள்.

இடம் மாறும்போது

1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு நடந்தபோது எதை எடுப்பது, எதை விடுவது என்று தடுமாறியதை நாம் மறக்கவில்லை. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டவர்களுள் இன்னும் காணிக்குத் திரும்பாதோரும் உள்ளனர். ஆகவே கிளினிக் கொப்பி, நோவுக் கொப்பி, இரண்டு வாரத்துக்கான மருந்து ஆகியவற்றைக் காணி உறுதியோடு ஒரே பையில் வையுங்கள். வேறிடம் போனால் அங்குள்ள கிளினிக்கில் தொடரலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் விபரம் இரகசியமாகப் பேணப்படும்.

புத்தூரில் எமது திருச்சபையினரின் வைத்தியசாலை புனித லூக்காவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நல்ல சமாரியனின் கதையை எமக்குத் தந்த சுவிசேஷகரும் அவரே. அந்தச் சமாரியன், அடிபட்டுக் கிடந்தவனிடம் நீ யார், ஏன் இந்த வழியால் வந்தாய் என்று விசாரிக்கவில்லை. முதலில் காயத்துக்கு எண்ணெய் வார்த்தான். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.